"இங்கே சமைக்கலாம்"

அன்புள்ள அக்கா,

செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நான்கறை வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் சிங்கப்பூர்க் குடிமக்கள். தனியார் வீடு வாங்குவதற்கு முன் கழக வீட்டில் குடியிருந்தாக வேண்டிய ஐந்தாண்டுக் கெடு போன மாதம் முடிந்தது. ஒன்பது லட்சம் வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) ஒரு சின்ன கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி வீடு, வாங்கி வாடகைக்கு விடச் சொல்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் காலியாகக் கிடக்கும் அறையைச் செப்பனிட்டு வாடகைக்கு விடலாமா என்று எனக்கு ஒரு யோசனை. "இந்தியர்களுக்கு மட்டும் விடாதீர்கள், சமைத்தே வீட்டை நாசமாக்கிவிடுவார்கள்" என்கிறார் ஏஜெண்ட். எங்கிருந்து தொடங்குவது?

- செங்காங் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் காலி அறையிலிருந்தே தொடங்குங்கள். ஏனென்று சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 27 முதல், குடிமக்கள் வாங்கும் இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. ஒன்பது லட்சத்துக்கு அது 180,000 வெள்ளி. வழக்கமான முத்திரை வரி 21,600 தனி. மாதம் 3,000 வாடகை வருவதாக வைத்துக்கொண்டால், ஐந்தரை வருட வாடகை வரிக்கே சரியாகிவிடும். செங்காங் வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறதென்றால், புது வீட்டு விலையில் 45 விழுக்காட்டுக்கு மேல் வங்கி கடன் தராது. விலையில் கால்வாசியை ரொக்கமாக வைக்க வேண்டும், அதற்கு மசேநியை (மத்திய சேமநிதி) தொட முடியாது. நாம் குடியிருக்காத வீடு என்பதால் சொத்து வரியும் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை ஏறும். இப்போதைய வீட்டிலிருந்து ஒருவர் பெயரை எடுத்துவிட்டு, அவர் பெயரில் புது வீட்டை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழக வீட்டில் இதற்காகப் பெயரை நீக்க விடமாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் வாங்குகிற வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். சேமிப்பை எல்லாம் வழித்துப் போட்டு வாங்குவது உங்களுக்கு வேண்டாம்.

அறைக்கு வருவோம். ஆள் குடிவருவதற்கு முன்பே வீவகவிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வாடகையும் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். வருகிறவர் வெளிநாட்டவர் என்றால், இங்கே தங்க அவருக்குத் தந்த அனுமதி அட்டையை (பாஸ்) நேரில் வாங்கிப் பார்த்து, அது செல்லுபடியாகிறதா என்று இணையத்திலும் சரிபாருங்கள். அறை வாடகை என்றால் நீங்களும் அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு மொத்த வீட்டையும் விடும் வேலை வேண்டவே வேண்டாம், வீடே கைவிட்டுப் போகலாம். வாடகையை வருமான வரியில் காட்டுங்கள். ரசீது எதுவும் இல்லாமலே அதில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், கடன் வட்டி அதற்கு மேல்.

செப்பனிடுவதில்தான் நான் சூடுபட்டேன். அங் மோ கியோவில் பழைய மறுவிற்பனை வீடு வாங்கியபோது, குளியலறையில் பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டினால் போதும் என்றார் காண்டிராக்டர். மலிவு, இரண்டே நாள் வேலை. சரி என்றேன். அறைக்கு ஆள் வந்த மூன்றாம் மாதம், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். மொழி தெரியாததால் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். அவர் குளியலறைக் கூரையில் தட்டு அகலத்துக்குத் தேநீர் நிறக் கறை. அதன் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. அதற்கு அடியில் அவர் ஒரு மைலோ டின்னை வைத்திருந்தார். இரண்டு அடுக்கு ஓட்டையும் உடைத்து, நீர் கசியாத பூச்சைப் புதிதாகப் பூசி முடிக்கும்வரை வாடகைக்கு இருந்த பெண் பக்கத்து வீட்டில் குளித்தாள்.

ஆகவே படுக்கை, அலமாரியெல்லாம் பிறகு. முதலில் தண்ணீர். குளியலறை வடிகால் வாயை அடைத்து, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவிட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். கசிந்தால் தரையை உடைத்தே செய்யுங்கள். அதற்கு அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் உள்ள காண்டிராக்டர்தான் செய்ய வேண்டும். உடைக்கும் வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்.

அடுத்தது அடுப்படி. உங்கள் ஏஜெண்ட் சொன்னதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் அறை தேடிப் போன் செய்தபோதெல்லாம் முதல் கேள்வி "நீங்கள் இந்தியரா?" என்பதுதான். கிடைத்த அறையிலும் "லைட் குக்கிங்" மட்டும். அதாவது மேகி கிண்டலாம், முட்டை அவிக்கலாம். ஒருநாள் ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். வீட்டுக்கார அம்மா சொல்லாமல் கொள்ளாமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். அன்று அந்த ரசம் தொண்டையில் இறங்கவில்லை.

தாளித்தால் சுவர் நாசமாகாது, தம்பி. அடுப்புக்குப் பின்னால் கூரைவரை ஓடு ஒட்டுங்கள். துடைத்தால் எண்ணெய் போய்விடும். அடுப்புக்கு மேலே, புகையை நன்றாக இழுக்கும் ஹூட் ஒன்று போட்டு, அதன் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். அரிசி, மிளகாய்த்தூள் வைக்கக் குடியிருப்பவருக்கென்று ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குங்கள். சமையல் நேரத்தையும் சுத்தம் செய்யும் முறையையும் முதல் நாளே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டுச் சாப்பாடு சாப்பிட முடிகிற இடத்தை விட்டு யாரும் லேசில் கிளம்பமாட்டார்கள். என் வீட்டில் அந்தப் பெண் ஐந்து வருடம் இருந்தாள்.

விளம்பரம் போடும்போது, எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் என்பதற்கும் முன்னால், முதல் வரியாகவே "இங்கே சமைக்கலாம்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஏஜெண்ட் மறுத்தால் நீங்களே எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா