அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களில் திணிக்கப்படும் கவர்ச்சிக் காட்சிகள் கதையைக் கெடுக்கின்றனவா?

பல நேரங்களில் கெடுக்கின்றன. கவர்ச்சி இருப்பதால் அல்ல, வரக்கூடாத இடத்தில் வருவதால்.

2019இல் வெளிவந்த ‘ஃபயர் ஃபோர்ஸ்’ தொடரைப் பாருங்கள். மனிதர்கள் திடீரெனத் தாமாகவே தீப்பற்றி அரக்கர்களாக மாறுகிறார்கள். அவர்களை அழிக்கும் முன் தீயணைப்புப் படையினர் பிரார்த்தனை செய்கிறார்கள். எரிந்துகொண்டிருப்பது சற்றுமுன்வரை யாருக்கோ உறவாக இருந்த ஒருவர் அல்லவா? இப்படிக் கட்டியெழுப்பிய கனத்தைத் தொடரே போட்டு உடைக்கிறது. தமாகி என்ற வீராங்கனை வந்தாலே உடை விலகும் கேலிக்கூத்துதான், சண்டைக்கு நடுவிலும்கூட. அச்சம் கலைகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், திறமையுள்ள அந்தப் பாத்திரம் வெறும் கேலிப்பொருளாகச் சுருங்கிப்போவது. எனக்கு இது எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் தொடரின் மற்றப் பகுதிகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

இதற்கு நேர்மாறானது சயோ யமாமோட்டோ இயக்கிய, ஃபுஜிகோ மினே என்ற திருடியைப் பற்றிய 2012ஆம் ஆண்டுத் தொடர். அதில் நிர்வாணம் தாராளம். ஆனால் அவள் தன் கவர்ச்சியைத் தெரிந்தே ஆயுதமாக்குகிறாள். இருண்ட தொனியும் தொடக்கம் முதலே அதற்கேற்ப அமைந்திருக்கிறது. அந்தக் காட்சிகளை வெட்டினால் கதை நொண்டும். தமாகியின் காட்சிகளை வெட்டினாலோ, யாருக்கும் தெரியாது.