எம்.பி.பி.எஸ். படிக்கிற மகள் டிபி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளா?

பாலக்கோடு அண்ணனுக்கு,

மகள் தருமபுரி மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருஷம், நீங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக்குக்கு இடம் பார்க்கிறீர்கள், அவளோ எச்.ஐ.வி.யும் டிபியும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். நோய் ஒட்டிக்கொள்ளுமா, வருமானம் வருமா, வரன் பார்க்கும்போது என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சி என்றதும் நோயாளியே இல்லாத லேப் அறைதான் உங்கள் கண்ணில் நிற்கிறது போல. சௌம்யா சுவாமிநாதன் குழந்தைகள் டாக்டர். 1992ல் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்து, டிபி - எச்.ஐ.வி. கூட்டு நோயில் பல வருஷம் வேலை பார்த்தவர், பிறகுதான் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தலைமை, உலக சுகாதார நிறுவனம் எல்லாம். எல்லோரும் அந்த உயரத்துக்குப் போவார்கள் என்று சொல்ல வரவில்லை, டாக்டராக இருந்துகொண்டே போகிற பாதைதான் அது.

அவளை இழுப்பது எது என்றும் கொஞ்சம் கேளுங்கள். எச்.ஐ.வி. முற்றிய ஒருவருக்கு டிபி வந்தால் பல நேரம் சளியில் கிருமி அதிகம் இருக்காது, ஏனென்றால் நுரையீரலில் குழி விழுந்தால்தான் சளியில் கிருமி நிறைய வரும், அந்தக் குழி விழுவதற்கே உடம்பில் எதிர்ப்பு சக்தி வேண்டும். அதனால் மைக்ராஸ்கோப்பில் 'நெகட்டிவ்' என்று வரும், ஆளோ இளைத்துக்கொண்டே போவார். கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலும் அடுத்த சிக்கல்: சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே அந்த டிபி மருந்து ரிஃபாம்பிசின், அது எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர் மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்கிறது, அதனால் 50 மி.கி. மாத்திரையை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை தர வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரத்தில் எதிர்ப்பு சக்தி திரும்பும்போது காய்ச்சலும் கட்டியும் திடீரென்று கூடும், மருந்துதான் ஒத்துக்கவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறவரை யார் தேடுவது? நம் மாவட்டத்து ஆளுக்கு இது புதுக்கதையா என்ன.

முன்பு நம் நாட்டில் டிபி மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள்தான் கொடுத்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு தினமும் கொடுப்பதே மேல், மருந்துக்கு மசியாத கிருமி உருவாவதும் குறைகிறது என்று காட்டிய ஆய்வு அதே சேத்துப்பட்டு மையம் நடத்தியது. முடிவு 2018ல் வெளியானது. இப்படி ஒரு பதிலுக்குப் பல வருஷம் ஆகும், அந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பதை அவளோடு பேசிப் பாருங்கள், எனக்கு இருக்கிற ஒரே கவலை அதுதான்.

தொற்று பற்றி: எச்.ஐ.வி. தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ஊசி குத்திவிட்டாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து ஆரம்பித்து 28 நாள் சாப்பிடலாம். டிபி காற்றில் பரவும், ஆகவே என்95 மாஸ்க், காற்றோட்டமான வார்டு, கிருமி வளர்க்க தனிப் பாதுகாப்பு லேப் என்று இருக்கும். பாலக்கோட்டில் கிளினிக் வைத்தாலும் இருமிக்கொண்டு வருகிறவர் எதிரில்தானே உட்காரப் போகிறாள்?

சம்பளம் என்றால், ஐ.சி.எம்.ஆர். சயின்டிஸ்ட் பி பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. ஓடுகிற கிளினிக்கில் இதைவிட அதிகம் பார்க்கலாம், மறுக்கவில்லை. ப்ராஜெக்ட் வேலையாகக் கிடைத்தால் நிரந்தரம் கிடையாது, அதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அதனால் என் யோசனை, முதலில் எம்.டி. முடிக்கட்டும்: பொது மருத்துவம், நெஞ்சக நோய், மைக்ரோபயாலஜி, சமூக மருத்துவம், இதில் எதுவானாலும் இந்த வேலைக்கு உதவும். அப்புறம் மனசு மாறினால் கிளினிக் எங்கும் ஓடிவிடாது.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்று ஐ.சி.எம்.ஆரின் இரண்டு மாத எஸ்.டி.எஸ். ஆய்வுத் திட்டம் இருக்கிறது, காலேஜ் ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வேண்டும். சமூக மருத்துவத் துறையில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. நோயாளி யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 சட்டமே இருப்பதால் வீட்டில் யாரைப் பார்த்தாய் என்று துருவாதீர்கள்.

வரன் வீட்டில் கேட்டால் 'டாக்டர், அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குப் போகப் போகிறாள்' என்று சொல்லுங்கள், அதில் மறைக்க என்ன இருக்கிறது அண்ணே? கிளினிக் இடத்துக்கு மட்டும் இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.