வியர்த்துக் களைத்தவர் வலிக் குளிசை போட்டால் சிறுநீரகத்தில் என்ன நடக்கும்?

அக்கரைப்பற்றில் வேளாண்மை வெட்டும் மாமா, வியர்வையோடு வந்து இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசை போடுவதைச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள்.

உப்பும் நீரும் குறைந்ததும் சிறுநீரகத்தின் மக்குலா டென்சா கலங்கள் அதை உணர்ந்து புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற கொழுப்புச் சமிக்ஞையை விடுகின்றன. அது பக்கத்துக் கலங்களில் சைக்ளிக் ஏஎம்பி என்ற உட்சமிக்ஞை மூலக்கூறைக் கூட்ட, குருதி அழுத்தத்தைத் தாங்க உதவும் ரெனின் என்ற நொதியம் குருதியில் இறங்கும். பெரும்பாலான சுரப்புக் கலங்களில் கல்சியம் ஏறினால்தான் சுரப்பு வெளியேறும். ரெனின் விடும் இந்தக் கலங்களிலோ கல்சியம் ஏறினால் கதவு சாத்திக்கொள்ளும். குருதிக் குழாய்களைச் சுருக்கும் அஞ்சியோடென்சின் 2 ஓமோன் ரெனினை அடக்குவது அப்படித்தான்.

சரி, குளிசை? புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே அது தடுக்கிறது. ரெனின் குறையும். அதைவிடப் பாரதூரமானது, சிறுநீரகத்துக்குள் போகும் நுண்நாடியை விரித்து வைத்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் குருதியோட்டம் சட்டென்று குறையலாம். முதலில் மாமாவுக்குத் தண்ணீர் கொடுங்கள். குளிசையை வைத்தியரிடம் கேட்டுப் போடட்டும்.