லீட்ஸில் பிரசவம்: பிரைவேட் இன்சூரன்ஸ் வேண்டாம் தம்பி

தம்பி, கருங்கலில் இருந்தவரை மாதாமாதம் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தோம், இங்கிலாந்தில் லீட்ஸ் வந்தபின் ஒரு டாக்டரும் மனைவியைப் பார்க்கவில்லை, பிரைவேட் இன்சூரன்ஸ் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இங்குள்ள தனியார் இன்சூரன்ஸ் சாதாரணப் பிரசவத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. அதிலும் உங்கள் மனைவிக்கு இப்போதே நாலு மாதம். விசா எடுக்கும்போது இங்குள்ள அரசு மருத்துவத்துக்காக ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு வீதம் மொத்தமாகக் கட்டினீர்களே, அது பிரசவத்துக்கும் சேர்த்துத்தான்.

டாக்டர் பார்க்காதது பற்றிப் பயப்பட வேண்டாம். சிக்கல் இல்லாத கர்ப்பம் இங்கே முழுக்க மிட்வைஃப், அதாவது அதற்கென்றே படித்த மருத்துவச்சியின் பொறுப்பு. நம்மூர் நர்ஸ் மாதிரி டாக்டர் சொல்லுக்குக் காத்திருப்பவர் அல்ல. பிரசவமும் அவரே பார்ப்பார். பிபி ஏறினாலோ சர்க்கரை வந்தாலோ டாக்டரிடம் அனுப்பிவிடுவார். ஸ்கேன் இரண்டுதான், 12 வாரம் வாக்கில் ஒன்று, 20 வாரம் வாக்கில் ஒன்று. ஊரில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு பில் உண்டு, அதனால் ஸ்கேனும் அடிக்கடி உண்டு என்பது என் எண்ணம். இரண்டாவது ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இந்தியாவில் 1994 சட்டப்படி அது குற்றம், இங்கே இல்லை.

இன்னும் மிட்வைஃபிடம் பதியவில்லை என்றால் ஜிபி என்னும் குடும்ப டாக்டருக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி வெப்சைட்டில் நீங்களே பதியலாம். திருவனந்தபுரம் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இலவச மருந்துக்கான சான்றிதழையும் மிட்வைஃபிடமே கேளுங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பல் வைத்தியமும் அதில் இலவசம். என்ஹெச்எஸ், அதாவது அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர் கிடைப்பதுதான் பெரும்பாடு!

முக்கியமான ஒன்று. குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி 2 மணி ஆனாலும் மகப்பேறு பிரிவுக்கு ஃபோன் போடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கினால் இங்கே யாரும் தானாக வந்து கேட்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள்தான். வார்டில் மலையாளி நர்ஸ்கள் இருந்தார்கள். எல்லையில் பழகிய மலையாளம் என் மனைவிக்கு அப்போது நன்றாகவே உதவியது.

என்ஹெச்எஸ்ஸின் குறை வேறு இடத்தில். மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவற்றுக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. பலருக்கு அதையும் தாண்டிப்போகும். கம்பெனி இன்சூரன்ஸ் கொடுத்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் காசு போட வேண்டியது அம்மாவுக்கு. பிரசவத்துக்கு விசிட் விசாவில் வருவார், இல்லையா? எமர்ஜென்சியில் பார்ப்பது இலவசம். அட்மிட் ஆகிவிட்டால் வழக்கமான செலவில் 150 சதவீதம் பில் வரும். ஊரிலேயே பயண இன்சூரன்ஸ் எடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிபி இருந்தால் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். பிரீமியம் கூடும்தான், ஆனால் மறைத்தால் க்ளெய்ம் கிடைக்காது.