நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் தேவையா? கேள்வி பதில்

மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக 26 வருசம் இருந்துவிட்டு இப்போ பாம்பனுக்கே வந்துட்டேன். நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்றேன்.

கேள்வி (தங்கச்சிமடம், விசைப்படகு): அக்கா, வலை இழுக்கக் குனிஞ்சாலே புளித்தண்ணி தொண்டைக்கு ஏறுது. நாலு வருசமா பான்டோபிரசோல் போடுறேன். ஆபரேஷன் பண்ணிட்டா மாத்திரையே வேண்டாமாமே?

பதில்: தம்பி, மாத்திரையை எப்போ போடுறீங்க? சாப்பிட்ட பிறகுன்னா நாலு வருசமும் பாதி வீண். வெறும் வயித்தில் போட்டு அரை மணி நேரம் கழிச்சுச் சாப்பிடணும். ரெண்டு மாசம் அப்படிப் போட்டுப் பாருங்க. எரிச்சல் அடங்கியும் புளித்தண்ணி மட்டும் ஏறுதுன்னா ஆபரேஷன் பேச்சுக்கு நியாயம் இருக்கு. மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே ஏறுறதைத் தடுக்காது. ஆனா ஆபரேஷன் ஆனவங்களிலும் சிலர் சில வருசத்தில் மறுபடி மாத்திரைக்கு வர்றாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி (பெரியபட்டினம்): உள்ளே என்னதான் செய்றாங்க?

பதில்: உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை இருக்கு. அது தளர்ந்து போறதுதான் வியாதி. பலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்தின் ஓட்டை வழியா நெஞ்சுக்குள் ஏறியிருக்கும். அதைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தைச்சுச் சிறுசாக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுத்தித் துண்டு போடுற மாதிரி போட்டுத் தைப்பாங்க. ருடால்ஃப் நிசன் என்கிற சர்ஜன் 1956இல் எழுதிய முறை. 1991 முதல் லேப்ராஸ்கோப்பியில், நாலைந்து சின்ன ஓட்டை வழியா நடக்குது. முழுச்சுத்துக்கு நிசன்னு பேர், முக்கால் சுத்துக்கு டூப்பேன்னு பேர்.

தையலுக்கு முன்னால ஒரு வேலை உண்டு. குளிச்சிட்டு முதுகுக்குப் பின்னால துண்டைப் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் இழுப்போமே, அதே மாதிரி சர்ஜன் இரைப்பையை இழுத்துப் பார்ப்பார். விட்டதும் சுருண்டு திரும்பி ஓடினா இறுக்கம்னு அர்த்தம், இன்னும் தளர்த்தணும். எத்தனையோ தடவை பார்த்தும் அந்த நிமிசம் எனக்கு மூச்சு நிக்கும்.

கேள்வி (கீழக்கரை): வாப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி முடிஞ்சது. மறுபடி மனோமெட்ரி, 24 மணி நேர பிஎச் டெஸ்ட்டுன்னு எழுதியிருக்காங்க. காசு பிடுங்கவா சிஸ்டர்?

பதில்: இல்லைம்மா, அந்த டெஸ்ட் கேட்காம கத்தி எடுக்கிறவரிடம்தான் நீங்க யோசிக்கணும். அகலேசியான்னு ஒரு கோளாறில் உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காது. தங்கின சோறு மேலே வர்றதைப் பார்த்து நெஞ்செரிச்சல்னு நினைப்பாங்க. அதுக்கு மேலே சுத்துப் போட்டா தண்ணிகூட இறங்காது. உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கிற மனோமெட்ரி இதைக் காட்டிக் கொடுக்கும். பிஎச் டெஸ்ட் அமிலம் மேலே ஏறுறதை அளக்கும். அதுக்கு மூக்கு வழியா மெல்லிய குழாயை விட்டு இடுப்பில் ஒரு பெட்டி கட்டுவாங்க. எரியும்போதெல்லாம் வாப்பா பட்டனை அமுக்கணும். எரிச்சலும் அமில ஏற்றமும் ஒத்துப்போகலைன்னா ஆபரேஷனால பிரயோசனம் இல்லை. எங்கேயோ டெஸ்ட் இல்லாம செஞ்சுக்கிட்டு, சோறு அடைச்சு எங்க தியேட்டருக்கு மறுபடி வந்த ஒருத்தரை நான் மறக்கலை.

கேள்வி (மண்டபம்): பாசி எடுக்கப் போறவ நான். எத்தனை நாள்ல முங்கலாம்?

பதில்: நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, தம் கட்டி முக்கக்கூடாது. அவசரப்பட்டா தையல் விட்டு, சுத்தின பகுதி நெஞ்சுக்குள் ஏறிடும். டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகே தண்ணியில் இறங்குங்க. இப்போகூட இடுப்பில் பையை இறுக்கிக் கட்டாதீங்க தாயி, சாப்பிட்ட கையோட முங்காதீங்க. வயித்தை அமுக்குற எதுவும் அமிலத்தை மேலே தள்ளும்.

கேள்வி (தொண்டி): ஏப்பமே வராதாமே?

பதில்: முழுச்சுத்தில் சிலருக்கு ஏப்பமும் வாந்தியும் சிரமம்தான், வயிறு காத்தடைச்ச மாதிரி உப்பும். முதல் சில வாரம் முழுங்கவும் கஷ்டப்படும். கஞ்சி, பாலில் ஊறின இடியாப்பம் சரி. பரோட்டா, சுட்ட கருவாடு, சோடா கூடாது. நோன்புக் காலத்தில் ஆபரேஷன் வேண்டாம். திறந்ததும் வயிறு நிறையச் சாப்பிடுற பழக்கத்துக்கு இது ஒத்துவராது.

கேள்வி (ஏர்வாடி): அண்ணனுக்கு ராத்திரியிலிருந்து நெஞ்சு எரியுது, வேர்க்குது, இடது தோள் வலிக்குதாம். ஜெலுசில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், இது மாரடைப்பா இருக்கலாம். 108ஐக் கூப்பிட்டு இப்பவே ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டுப் போங்க.