பழைய ஆல்ட்டோ: ஸ்பேனரை நானே பிடித்தால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: பள்ளத்தூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். அப்பச்சி வாங்கிய 2010 மாடல் ஆல்ட்டோவின் ஆர்சியை 2030 வரை புதுப்பித்துவிட்டேன். இப்போது மெக்கானிக் 23,400 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். அதில் லேபர் மட்டும் 8,300. 14,000 ரூபாய்க்கு டூல்ஸ் வாங்கி, வீடியோ பார்த்து, வீட்டு முகப்பிலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என நினைக்கிறேன். மனைவியோ இதைத் தள்ளிவிட்டு 6 லட்சம் லோனில் புதுக் கார் எடுக்கலாம் என்கிறார். எது சரி?

பதில்: முதலில் லோன் பேச்சை முடித்துவிடுவோம். 6 லட்சத்துக்கு 9% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,455. வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தை நெருங்கும். உங்கள் எஸ்டிமேட் இரண்டு தவணைக்குக்கூட வரவில்லை. வண்டியின் பாடி துருப்பிடிக்காமல், இன்ஜின் நன்றாக இருந்தால் ரிப்பேர் செய்து ஓட்டுங்கள்.

இனி ஸ்பேனர் விஷயம். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை வரி வரியாகப் பார்த்தேன். ஷாக் அப்சர்பர், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர்) மாற்ற லேபர் 4,000. பிரேக் வேலைக்கு 1,500. ஆயில் மாற்ற 1,000. பேட்டரி, ஸ்பார்க் ப்ளக், ஏர் ஃபில்டர், கூலண்ட்டுக்கு 1,800. இதில் உங்கள் கைக்கு உரியது அந்தக் கடைசி 1,800 மட்டும்தான். அதை மிச்சம் பிடிக்க 14,000 ரூபாய் டூல்ஸ் வேண்டாம். ஒரு சாக்கெட் செட், ப்ளக் ஸ்பேனர், மல்டிமீட்டர் போதும்.

பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் ஆயில் மாற்றும்போது லைனில் கொஞ்சம் காற்று தங்கினாலும் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். மதுரை ரோட்டில் குடும்பத்தோடு போகிற வண்டியில் 1,500 ரூபாய்க்காக அந்தப் பரீட்சை எழுதக் கூடாது. முன் ஷாக் அப்சர்பரும் அப்படித்தான். அதன் ஸ்பிரிங் அமுக்கத்திலேயே இருக்கும், அதற்கான கருவி இல்லாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும்.

ஆயில் மாற்றுவதையும் விட்டுவிடுங்கள் என்கிறேன். பழைய கார் ஒன்றில் நானே ஆயில் மாற்றி, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினேன், மரை போய்விட்டது. சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை, கழற்றி மாற்ற 3,200 ரூபாய் ஆனது. மிச்சம் பிடிக்க நினைத்தது 350. தவிர, உங்கள் முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், ஜாக்கி ஒரே இடத்தில் அழுத்திக் கல் விண்டுபோகும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. நம் ஊர்ப் பக்கம் வளவுத் (வீட்டு முற்றத்துத்) தண்ணீர் ஊருணிக்குப் போகும்படி கட்டியவர்கள் பெரியவர்கள்; அந்த வழியில் கழிவு ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் எனக்கு மனசு ஆறாது.

உங்கள் பங்கு வேலையை நிதானமாகச் செய்யுங்கள். மூன்று ப்ளக்தான். இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றி, புதியதை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கினால்தான் ஸ்பேனர். இடையில் பிடித்தால் வெளியே எடுத்து மறுபடி நேராக வையுங்கள். ப்ளக் இறங்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், மரை கெட்டால் செலவு பெரிது. பேட்டரியில் நெகட்டிவ் முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மெக்கானிக் மாற்றும் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த எஸ்டிமேட்டைப் படிக்க அது உதவும்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 796 சிசி வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் நிர்ணயித்தபடி வருடம் 2,094 ரூபாயும் வரியும். அது கட்டாயம். முழுக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதிதான் கிடைக்கும். வண்டியின் மதிப்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

2030-ல் வண்டிக்கு 20 வயது. அதன்பின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000 ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். அதுதான் விற்க யோசிக்கும் நேரம். அதனால் இப்போதே இரண்டு கணக்கு தொடங்குங்கள். ரிப்பேருக்கு மாதம் 1,000 வங்கி சேமிப்பில், எப்போதும் எடுக்கும்படி. அடுத்த காருக்கு மாதம் 2,000 தபால் நிலைய ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), 6.7% வட்டியில் 5 வருடத்தில் சுமார் 1.43 லட்சம் சேரும். மனைவியின் ஆசைக்கு அது முன்பணம். ஆர்டியை அவர் பெயரிலேயே போடுங்கள்.