பத்துப் பின்களுக்கு அப்பால்: பௌலிங் பற்றி வாசகர்கள் கேட்டவை

பௌலிங் ஆட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு பதிலைத் தொடர்ந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே. (கிரிக்கெட் பந்துவீச்சைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க. இது பந்தை உருட்டி, எதிர்முனையில் நிற்கும் ‘பின்’ என்னும் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்.)

பௌலிங்கில் எத்தனை வகைகள் உள்ளன? எதை வைத்து அவற்றைப் பிரிக்கிறார்கள்?

பெரும்பிரிவுகள் இரண்டு. நிற்கும் பின்களைப் பந்தால் சாய்ப்பது ஒன்று. இலக்காக வைக்கப்பட்ட சிறு பந்துக்கு மிக அருகில் தம் பந்தைக் கொண்டு நிறுத்துவது மற்றொன்று. முதல் பிரிவில் உலகெங்கும் பரவியிருப்பது பத்துப் பின் ஆட்டம். அதிலிருந்து கிளைத்தவையும் அதற்கு முந்தியவையுமாக ஒன்பது பின், கேண்டில்பின், டக்பின், கனடாவின் ஐந்து பின் ஆகியவை இருக்கின்றன. பின்களின் எண்ணிக்கையை வைத்து இவற்றைப் பிரிப்பதே வழக்கம் என்றாலும், ஆட்டத்தின் குணத்தைத் தீர்மானிப்பது பந்துக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள அளவுப் பொருத்தமே என்பது என் கருத்து. பத்துப் பின் ஆட்டத்தில் பந்தின் விட்டம் ஏறத்தாழ எட்டரை அங்குலம், எடை 16 பவுண்டு வரை. பின்னோ 15 அங்குல உயரமும் மூன்றரை பவுண்டு அளவு எடையும் கொண்டது. அத்தனை பெரிய பந்து இருப்பதால்தான் எல்லாப் பின்களையும் ஒரே வீச்சில் சாய்க்கும் ‘ஸ்ட்ரைக்’ அங்கே அன்றாட நிகழ்வாக இருக்கிறது.

முதல் வீச்சிலேயே பத்தும் விழுந்தும் திரையில் மதிப்பெண் வரவில்லையே, ஏன்?

ஸ்ட்ரைக்கின் மதிப்பு அடுத்த இரண்டு வீச்சுகளைப் பொறுத்தது என்பதால்தான். ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றையும் ‘ஃப்ரேம்’ என்பார்கள். முதல் ஃப்ரேமில் ஸ்ட்ரைக் அடித்து, இரண்டாவது ஃப்ரேமில் முதலில் 7, பிறகு 2 பின்களைச் சாய்த்தால், முதல் ஃப்ரேமுக்கு 10 + 7 + 2 என 19 கிடைக்கும். இரண்டாவதன் 9 சேர்ந்து மொத்தம் 28 ஆகும். இரு வீச்சுகளில் பத்தையும் சாய்க்கும் ‘ஸ்பேர்’ என்றால் அடுத்த ஒரு வீச்சு மட்டும் கூட்டப்படும். ஆட்டத்தில் பத்து ஃப்ரேம்கள். பத்தாவதில் ஸ்ட்ரைக் அடித்தால் கூடுதலாக இரண்டு வீச்சுகள் உண்டு. அப்படிப் பன்னிரண்டு ஸ்ட்ரைக்குகளும் தொடர்ந்து விழுந்தால் 300. சர்வதேசப் போட்டிகள் சிலவற்றில் ஸ்ட்ரைக்குக்கு உடனே 30 தரும் எளிய முறையைக் கையாண்டிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது வசதிதான். ஆனால் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக் அடிப்பவருக்குப் பழைய முறை தரும் தனிச் சன்மானம் அதில் இல்லாமல் போகிறது.

நேராக நடுவில் உருட்டினாலும் இரு ஓரங்களிலும் பின்கள் நின்றுவிடுகின்றன. என் வீச்சில் என்ன குறை?

வீச்சில் குறை இல்லை. நடுவில் உருட்டுவதுதான் குறை. பின்களை முன்னிருந்து பின்னோக்கி, இடமிருந்து வலமாக எண்ணுவார்கள்: முன்னால் 1; அடுத்த வரிசையில் 2, 3; அதற்கு அடுத்து 4, 5, 6; கடைசியில் 7 முதல் 10 வரை. முதல் பின்னை நேர் நடுவில் மோதும் பந்து, வழியில் இருப்பவற்றை மட்டும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால் ஓரங்களில் உள்ளவை தப்பிவிடுகின்றன. வலக்கை ஆட்டக்காரர் குறிவைக்க வேண்டியது 1-க்கும் 3-க்கும் இடைப்பட்ட ‘பாக்கெட்’டை. அங்கே சரியாக நுழையும் பந்து, பத்துப் பின்களில் நான்கை மட்டுமே தானாகத் தொடுகிறது: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே சாய்க்கின்றன. 1 சென்று 2-ஐயும், 2 சென்று 4-ஐயும், 4 சென்று 7-ஐயும் வீழ்த்த, மறுபுறம் 3 சென்று 6-ஐயும், 6 சென்று 10-ஐயும் வீழ்த்துகின்றன. 8-ஐச் சாய்ப்பது 5-இன் பொறுப்பு. இதில் ஒரு கண்ணி சற்று விலகினாலும் ஒரு பின் நின்றுவிடும்.

இந்த வரிசை பிசகாமல் நிகழ, பந்து ஏறத்தாழ 6 பாகை சாய்வில் பாக்கெட்டுக்குள் நுழைய வேண்டும். வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. பந்து உருளும் பாதையான லேனின் அகலமோ மூன்றரை அடிதான். ஆகவே ஓரத்திலிருந்து நேர்கோட்டில் உருட்டினாலும் 2 பாகை கூடக் கிடைக்காது. தேர்ந்தவர்கள் பந்தைச் சுழற்றி வளைப்பது இதற்காகத்தான், அழகுக்காக அன்று. அந்த வளைவுக்கு வழிசெய்வது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு. லேனின் முற்பகுதியில் பெரும்பாலும் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும் பந்து, எண்ணெய் தீர்ந்த இடத்தில் தரையைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று கணிக்க ஆட்டக்காரர்களிடம் ஒரு வாய்பாடு உண்டு. எண்ணெயின் நீளத்தை அடியில் எடுத்து அதில் 31-ஐக் கழித்தால் வருவதே, பந்து திரும்பத் தொடங்கும்போது இருக்க வேண்டிய பலகையின் எண். எண்ணெய் 41 அடி என்றால் ஓரத்திலிருந்து பத்தாவது பலகை. லேனில் குறுக்கே 39 பலகைகள் உள்ளன என்பதை நினைவில் வைத்தால் கணக்கு விளங்கும்.

தொடக்கத்தில் வளைவு வேண்டாம். ஸ்பேர் அடிக்க நேர்ப்பந்து போதும். அதையே பலர் பழகுவதில்லை.

கேண்டில்பின், டக்பின் ஆட்டங்களில் பந்து சிறியது என்கிறார்கள். அப்படியானால் குழந்தைகளுக்கான எளிய ஆட்டங்கள்தானே அவை?

பந்தைத் தூக்குவது எளிது. ஆடுவது எல்லாவற்றிலும் கடினம்.

கேண்டில்பின் ஆட்டம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் 1880 வாக்கில் தோன்றியது. பின்கள் மெழுகுவத்தியைப் போல் ஒல்லியாக, ஏறத்தாழ 16 அங்குல உயரத்தில் நிற்கும். நாலரை அங்குலப் பந்து, எடை ஒரு கிலோவை ஒட்டி. ஒரு ஃப்ரேமில் மூன்று வீச்சுகள் தருகிறார்கள். ஆயினும் இதுவரை ஒருவர்கூட 300 எடுத்ததில்லை. அங்கீகரிக்கப்பட்ட உச்சம் 245. அதை 1984-இல் ரால்ஃப் செம்ப் எட்டினார், 2011-இல் கிறிஸ் சார்ஜன்ட் சமன்செய்தார். இந்த ஆட்டத்தை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் அதன் ஒரே ஒரு விதி: வீச்சுகளுக்கு இடையே விழுந்த பின்களை அப்புறப்படுத்த மாட்டார்கள். குறுக்கே கிடக்கும் கட்டை தடையாகலாம். அதையே மோதி நகர்த்தி, எட்டாத மூலையில் நிற்கும் பின்னைச் சாய்க்கவும் செய்யலாம். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் புதிய புதிர் உருவாகிறது.

டக்பின்னில் பின்கள் குட்டையானவை, பந்து ஐந்து அங்குல அளவினது, விழுந்தவற்றை அகற்றிவிடுவார்கள். அதிலும் 300 எட்டப்படவில்லை; 1992-இல் பீட் சிக்னோர் எடுத்த 279-தான் உச்சம். பின்களைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்தும் கனடிய வகையைப் பற்றி இங்கே பேசவில்லை. அதன் துள்ளல் வேறு, கணக்கும் வேறு.

ஐந்து பின் ஆட்டத்தை டொராண்டோவில் டாமஸ் ரயன் 1909-இல் வகுத்தார். பின்களுக்கு 2, 3, 5, 3, 2 என்று தனித்தனி மதிப்பு உண்டு. கூட்டினால் 15, ஆகவே முழுமையான ஆட்டத்துக்கு 450.

சட்டத்தை ஏமாற்றத்தான் ஒன்பது பின்னோடு பத்தாவதைச் சேர்த்தார்களாமே?

சுவையான கதை; ஆனால் அதை அப்படியே ஏற்க முடியாது. சூதாட்டத்துக்கு அஞ்சி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1841-இல் ஒன்பது பின் ஆட்டத்தைத் தடைசெய்தது உண்மை. பத்துப் பின் ஆட்டம் அதற்கு முன்பே இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. தடை அதைப் பரப்பியிருக்கலாம், தோற்றுவித்திருக்காது.

ஒன்பது பின் ஆட்டம் ஜெர்மனியிலும் நடு ஐரோப்பாவிலும் இன்றும் செழிப்பாக இருக்கிறது. பின்கள் சாய்சதுரமாக நிற்கும், பந்தில் விரல் துளைகள் இருக்காது. டெக்சாஸில் சில ஊர்களில் எஞ்சியுள்ள வகை இன்னும் வேடிக்கையானது: ஒன்பதையும் சாய்த்தால் 9, நடுவில் உள்ள சிவப்புப் பின்னை மட்டும் நிற்கவிட்டு எட்டைச் சாய்த்தால் 12!

இரு கைகளாலும் உருட்டுவது விதிமீறல் ஆகாதா?

ஆகாது. ஆஸ்திரேலியரான ஜேசன் பெல்மான்டி அவ்வாறு ஆடியே உச்சிக்கு வந்தார். கட்டைவிரலைத் துளையில் நுழைக்காததால் பந்துக்குச் சுழற்சி மிகுதியாகக் கிடைக்கிறது.

பசும்புல் தரையில் ஆடும் லான் பௌல்ஸ் பந்துக்குள் ஈயம் வைத்திருப்பதால்தான் அது வளைந்து செல்கிறதா?

இல்லை. இன்றைய பந்தின் வளைவுக்குக் காரணம் அதன் வடிவம். ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல் உருண்டிருக்காது. வேகம் குறையக் குறைய வளைவு கூடும். ஆகையால் ‘ஜாக்’ என்னும் சிறு வெள்ளைப் பந்துக்கு நேராகக் குறிவைப்பவர் அதை அடையவே மாட்டார். பிரான்சின் பெட்டாங்க் இதற்கு உறவுதான் என்றாலும், அங்கே உலோகப் பந்தை வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்று எறிய வேண்டும். ஓட்டமும் கிடையாது, நடையும் கிடையாது.

ஒலிம்பிக்கில் பௌலிங் உண்டா?

1988-இல் சியோலில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பதக்க விளையாட்டாக இன்னும் இல்லை.

பின்களின் தலையில் கயிறு கட்டிய லேன்களைக் காண்கிறேன். அது உண்மையான பௌலிங்தானா?

கயிற்று இயந்திரம் எளியது, பராமரிப்புச் செலவும் குறைவு. ஆகவே அது பெருகத்தான் செய்யும். ஆனால் லேனின் குறுக்கே உருண்டு போய்க் கடைசிப் பின்னைத் தட்டும் பின்னைக் கயிறு இழுத்து நிறுத்திவிடுகிறது. சில வேளைகளில் கயிறே பட்டு, நின்றிருக்க வேண்டிய பின்னும் விழுகிறது. ஆகவே இரண்டிலும் எடுக்கும் மதிப்பெண்களை ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் என்னும் அமைப்பு 2023-இல் அதைத் தனி வகையாகவே அங்கீகரித்தது. அதுவே முறையான முடிவு என்று நினைக்கிறேன். பழகுவதற்குக் கயிற்று லேன் தாராளமாகப் போதும். போட்டிக்குத் தயாராகிறவர் மட்டும், கலந்துகொள்ளப்போகும் போட்டி எந்த வகை லேனில் நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அதிலேயே பயிற்சி எடுப்பது நல்லது.